செகண்ட் ஹேண்ட் செடான்: கம்மியா ஓடின வண்டியா, பில்லோட இருக்கிற வண்டியா?

தூரப்பயணி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு ஒரு பழைய செடான் பாத்துக்கிட்டு இருக்கேன். நாங்க ரெண்டு பேர், ரெண்டு பசங்க, கூட மாமியார். மாமியாருக்கு முட்டி வலி, சின்னவளுக்கு இன்னும் சைல்டு சீட் வேணும். அலசி ஆராய்ஞ்சு கடைசியில ரெண்டு வண்டில வந்து நிக்கிறேன்.

முதல் வண்டி ஆறு வருஷம் ஆனது, மீட்டர்ல 38,000 தான் காட்டுது, ஆட்டோமேட்டிக், டீலர் கிட்ட நிக்குது, பாலிஷ் எல்லாம் போட்டு பளபளன்னு இருக்கு. சர்வீஸ் ரெக்கார்டு மட்டும் இல்ல, முன்னாடி ஓனர் வெளிய தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட பாத்துக்கிட்டாருன்னு சொல்றாங்க. ரெண்டாவது ஒன்பது வருஷம் ஆனது, 1,12,000 ஓடிருக்கு, பெட்ரோல், மேனுவல் கியர், ஒரே ஓனர், ஒரு ஃபைல் நிறைய பில்லு வச்சிருக்கார். வெளிய அங்கங்க கீறல் இருக்கு.

ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். வீட்டுல எல்லாரும் முதல் வண்டியைத்தான் கை காட்டுறாங்க. எனக்கு மனசு ஒரு பக்கமா நிக்க மாட்டேங்குது. எதைப் பாத்து முடிவு பண்றது?

பழையஸ்பேனர்

சகோ, மீட்டர்ல இருக்கிற நம்பரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. கம்மியா ஓடினா நல்ல வண்டின்னு நம்மள்ள நிறைய பேர் நினைக்கிறோம், பாதிதான் உண்மை. தினமும் ரெண்டு கிலோமீட்டர் போயிட்டு வந்து நிறுத்தின வண்டில ஆயில் முழு சூட்டுக்கே வராது, உள்ள வேர்க்கிற தண்ணியும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாம ஆயில்லயே தங்கிடும், அதுலதான் கசடு கட்டும். அதே வண்டி ஹைவேல சீரா ஓடிருந்தா லட்சம் தாண்டியும் இன்ஜின் சுத்தமா இருக்கும். ரப்பர் இருக்கு பாருங்க, ஹோஸ், புஷ், டயர், பெல்ட்டு, இதெல்லாம் ஓடலைன்னாலும் வயசாகும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், ஓட்டினாலும் ஓட்டாட்டாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துறது நல்லது.

அதுக்கும் முன்னாடி, அந்த 38,000 நிஜம்தானான்னு பாருங்க. டிஜிட்டல் மீட்டர்னா திருப்ப முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, லேப்டாப்பை சொருகி நிமிஷத்துல குறைச்சிடுவாங்க. ஆனா தேய்மானத்தைக் குறைக்க முடியாது. பிரேக் பெடல் ரப்பர்ல கோடு மழுங்கி ஓரம் தேஞ்சிருக்கா, டிரைவர் ஏறி இறங்குற பக்கத்து சீட் ஓரம் அமுங்கி சுருங்கியிருக்கா, ஸ்டியரிங் லெதர் வழுவழுன்னு ஆயிடுச்சா, பாருங்க. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதுசா இருந்தா அதுவும் ஒரு கேள்விதான்.

டயர்ல பக்கவாட்டுல டாட்னு ஆரம்பிக்கிற ஒரு நம்பர் இருக்கும், அதோட கடைசி நாலு இலக்கத்தைப் படிங்க. 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்ச டயர். நாலு டயரையும் பாருங்க, ஸ்டெப்னியையும் பாருங்க. 38,000 ஓடின வண்டில நாலுமே போன வருஷத்து டயரா இருந்தா, ஏன் மாத்தினாங்கன்னு கேளுங்க. நேர்மையான காரணமும் இருக்கலாம், ஆனா கேக்காம விடாதீங்க.

கியர்மாத்தி

ஸ்பேனர் அண்ணன் சொல்றது சரி, ஆனா நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுறேன். 1,12,000 ஓடின வண்டின்னா பெரிய செலவு எல்லாம் வரிசையா வர்ற நேரம். க்ளட்ச், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், வீல் பேரிங், எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். ஃபைல் தடியா இருக்கேன்னு மயங்கிடக் கூடாது, ஃபைலைத் திறந்து படிக்கணும். ஆயில் மாத்தின பில்லு பத்து இருக்கலாம், முக்கியமான ஒண்ணு இல்லாம இருக்கலாம்.

அந்த ஒண்ணு டைமிங் பெல்ட், இன்ஜினுக்குள்ள பிஸ்டனும் வால்வும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து ஓட வைக்கிறது. முதல்ல அந்த இன்ஜின்ல இருக்கிறது பெல்ட்டா செயினான்னு தெரிஞ்சுக்கோங்க. செயின்னா நேரத்துக்கு ஆயில் மாத்தியிருந்தா பெரும்பாலும் தொந்தரவு இல்ல, ஸ்டார்ட் பண்ணினதும் முன்பக்கம் கடகடன்னு சத்தம் வந்தாதான் யோசிக்கணும். பெல்ட்டுன்னா கம்பெனி புக்ல கிலோமீட்டர் கணக்கும் வருஷக் கணக்கும் ரெண்டும் போட்டிருப்பாங்க, எது முதல்ல வருதோ அப்ப மாத்தணும். அது ஓட்டத்துல அறுந்தா நிறைய இன்ஜின்கள்ல பிஸ்டன் போய் வால்வுல முட்டி வளைச்சிடும், அப்புறம் ஹெட்டைக் கழட்டாம வழி இல்ல.

முதல் வண்டி ஆட்டோமேட்டிக்னு சொன்னீங்க, எந்த வகை? சிவிடியா (பெல்ட்டும் புல்லியும் வச்சது), டூயல் க்ளட்சா (ரெண்டு க்ளட்ச் மாறி மாறிப் பிடிக்கிறது), டார்க் கன்வெர்ட்டரா (ஆயில் வழியா சக்தியைக் கடத்துறது), இல்ல மேனுவல் பாக்ஸ்லயே மோட்டார் வச்ச ஏஎம்டியா? நாலும் நாலு விதமாக் கெட்டுப்போகும். சிவிடில நேரத்துக்கு ஆயில் மாத்தலைன்னா பெல்ட்டும் புல்லியும் சேதமாகும், அதுக்கு பில்லு இல்லைன்னா என்னைக் கேட்டா வாங்கவே வேணாம். டூயல் க்ளட்ச்ல டிராஃபிக்ல ஊர்ந்து போறப்ப உதறும். டெஸ்ட் டிரைவ்ல வேகமா ஓட்டிப் பாத்து என்ன ஆகப் போகுது, நடக்கிற வேகத்துல ஊர்ந்து பாருங்க. நின்ன இடத்துல டி-லேர்ந்து ஆர், ஆர்-லேர்ந்து டி மாத்துங்க, ஒரு செகண்டுக்கு மேல யோசிச்சு தூக்கிப் போட்டா பாக்ஸ் சரியில்ல.

மூணுபேர்பின்சீட்

எல்லாரும் பானெட்டைத் திறந்தே பேசுறீங்க, நான் பின் கதவைத் திறந்து பேசுறேன். தம்பி, அது உங்க அஞ்சு பேரு போற வண்டி. டெஸ்ட் டிரைவுக்கு நீங்க மட்டும் போகாதீங்க, மாமியாரைக் கூட்டிட்டுப் போங்க. செடான் எல்லாமே தரைக்குக் கிட்ட தாழ்வா உக்காரும், கூரை வேற பின்னாடி சரிவா இறங்கும். முட்டி வலி இருக்கிறவங்க தலையைக் குனிஞ்சு, இடுப்பைத் தாழ்த்தி, காலை உள்ள இழுத்து உக்காரணும். ஏறிடுவாங்க, இறங்குறப்பதான் தெரியும். பின்சீட் குஷன் நீளம் கம்மின்னா தொடைக்குத் தாங்கல் இல்லாம முட்டி மேல தூக்கிக்கிட்டு நிக்கும், ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்புறம் எந்திரிக்கவே முடியாது. எங்க வீட்டுல பெரியவங்களுக்கு முன்சீட்தான் ஒத்து வந்துச்சு, அதனால முன்சீட்டை மேல ஏத்துற வசதி அந்தப் பக்கத்துக்கும் இருக்கான்னு பாருங்க, நிறைய வண்டில டிரைவர் சீட்டுக்கு மட்டும்தான் குடுத்திருப்பாங்க.

சைல்டு சீட்டைக் கையோட கொண்டு போய் மாட்டிப் பாருங்க. பின்சீட் சாயுற மடிப்புல விரலை விட்டா ஐசோஃபிக்ஸ் கம்பி (சைல்டு சீட்டைப் பூட்டுறது) தட்டுப்படணும். சீட்டை மாட்டினதுக்கு அப்புறம் முன்சீட்காரருக்கு எவ்ளோ இடம் மிஞ்சுது, நடுவுல இன்னொரு ஆள் உக்கார முடியுதா, நடு சீட்டுக்கு மூணு புள்ளி பெல்ட்டு இருக்கா இல்ல இடுப்புப் பெல்ட்டு மட்டும்தானா, எல்லாம் அப்பதான் தெரியும்.

டிக்கி விஷயம். லிட்டர் கணக்கு பெருசா இருக்கும், ஆனா செடான்ல டிக்கி வாய் சின்னது. மூடியைத் தாங்குற வளைஞ்ச கம்பி ரெண்டும் மூடுறப்ப உள்ள இறங்கி வரும், அது வந்து இடிக்கிற இடத்துல பெட்டி வச்சா மூடாது. உங்க கிட்ட இருக்கிற பெரிய பெட்டியும் ஸ்ட்ராலரும் எடுத்துட்டுப் போய் வச்சு மூடிப் பாருங்க. விக்கிறவர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறார்.

தூரப்பயணி

அக்கா இதெல்லாம் நான் யோசிக்கவே இல்ல, நன்றி. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன். ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான பழுதைப் படிக்கிற கருவி) ஒண்ணு நண்பர் கிட்ட இருக்கு, அது வாங்கிட்டுப் போனா உபயோகமா? எர்ரர் கோடு இல்லைன்னா வண்டி ஓகேன்னு எடுத்துக்கலாமா?

சிவப்புலைட்

கோடு இல்லைங்கிறது மட்டும் போதாது நண்பா. விக்கிறதுக்கு முன்னாடி கோடை அழிச்சுட்டு நிறுத்துறது ரொம்ப சுலபம், அதுக்கு ஒரு பட்டன் போதும். நீங்க பாக்க வேண்டியது ரெடினஸ் மானிட்டர்னு ஒரு பக்கம். புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி கசிவு இதையெல்லாம் வண்டி தானே ஓடுறப்ப சோதிச்சுப் பாத்து, முடிஞ்சதும் கம்ப்ளீட்னு போடும். கோடை அழிச்சா இதுவும் சேந்து அழிஞ்சிடும், திரும்ப எல்லாம் முடியறதுக்கு விதவிதமா ஓட்டணும், சும்மா ஸ்டார்ட்ல வச்சிருந்தா முடியாது. அதனால கோடு ஒண்ணும் இல்ல, ஆனா மானிட்டர் வரிசையா இன்கம்ப்ளீட்னு இருந்தா, சமீபத்துல யாரோ கை வச்சிருக்காங்க. பேட்டரியைக் கழட்டி மாட்டினாலும் பல வண்டில இப்படி ஆகும், அதனால உடனே திருடன்னு முடிவு பண்ணாதீங்க, நாலு நாள் ஓட்டி வைங்க திரும்ப வந்து பாக்குறேன்னு சொல்லுங்க. கோடு அழிச்சப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓடிருக்குன்னும் நிறைய வண்டில ஸ்கேனர் காட்டும், அது ரொம்ப உபயோகம்.

அப்படியே சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டேஷ்போர்டைப் பாருங்க. செக் இன்ஜின், ஏர்பேக், ஏபிஎஸ் லைட் எல்லாம் ஒரு தடவை எரிஞ்சுட்டு அணையணும். ஒண்ணு எரியவே இல்லைன்னா அது நல்ல சேதி கிடையாது, பல்பைப் பிடுங்கியிருப்பாங்க இல்ல வயரிங்ல வேலை பாத்திருப்பாங்க.

ஈரமண்

நான் தண்ணில நின்ன வண்டி வாங்கி அவதிப்பட்ட ஒருத்தரை வீட்டுலயே வச்சிருக்கேன், அதனால இது ஒண்ணு மட்டும் சொல்றேன். சீட் பெல்ட்டை முடிவு வரைக்கும் இழுங்க, கடைசி அரை அடியைப் பாருங்க. வெளிய தெரியுற பெல்ட்டை எல்லாரும் துடைப்பாங்க, உள்ள சுருண்டு இருக்கிற பாகத்துல சேத்துக் கோடு அப்படியே நிக்கும். அப்புறம் டிக்கில கார்பெட்டைத் தூக்கி ஸ்டெப்னி குழியைப் பாருங்க, முன்சீட்டைப் பின்னாடி தள்ளி அடியில இருக்கிற போல்ட்டைப் பாருங்க. சீட் போல்ட்டுல துருப் பிடிக்க சாதாரணமா காரணமே இல்ல. கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டு ஏசி போடாம அஞ்சு நிமிஷம் உள்ள உக்காருங்க. வாசனை ஸ்ப்ரே ஓவரா அடிச்சிருந்தாலே எனக்கு சந்தேகம் வந்துடும்.

பழையஸ்பேனர்

நல்ல பாயிண்ட். பெல்ட்டை இழுக்கிறப்ப அதோட அடிப்பக்கம் தச்சிருக்கிற லேபிளையும் படிங்க சகோ, செஞ்ச தேதியோ வருஷமோ பெரும்பாலும் இருக்கும். எல்லா பெல்ட்டும் ஒரே காலத்துல இருக்கணும், வண்டி செஞ்ச காலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கும். முன்னாடி ரெண்டு மட்டும் புதுசா இருந்தா கவனம். பெரிய இடி வாங்கினா முன் பெல்ட்டுல இருக்கிற ப்ரீடென்ஷனர் வெடிச்சு பெல்ட்டை இறுக்கிடும், அது ஒரு தடவைதான், அப்புறம் மாத்தியே ஆகணும்.

பெயிண்டு தடிமனை அளக்கிற மைக்ரான் மீட்டர் கிடைச்சா எடுத்துட்டுப் போங்க. கம்பெனி பெயிண்டு பொதுவா 100லேர்ந்து 180 மைக்ரானுக்குள்ள இருக்கும். ஒரு கதவு மட்டும் 300 காட்டினா திரும்ப அடிச்சிருக்காங்க, ஆயிரத்தைத் தாண்டினா உள்ள பட்டி (பள்ளத்தை அடைக்கிற பூச்சு) இருக்கு. கதவுல கீறல் விழுந்து பெயிண்டு அடிக்கிறது தப்பே இல்ல. தூண், கூரை, பானெட்டுக்கு அடியில இருக்கிற ஏப்ரன் (ரெண்டு பக்கத்து உள் தகடு), டிக்கி தரை, இந்த நாலு இடத்துல வேலை பாத்திருந்தா மட்டும் எந்த விலைக்கும் வேணாம். மீட்டர் இல்லைன்னா பானெட் கீல்லயும் முன் ஃபெண்டர்லயும் இருக்கிற போல்ட் தலையைப் பாருங்க, ஸ்பேனர் பட்டிருந்தா பெயிண்டு ஓரம் உரிஞ்சிருக்கும்.

தூரப்பயணி

போயிட்டு வந்துட்டேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

முதல் வண்டி. நான் போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தாங்க, பானெட் மேல கை வச்சதுமே தெரிஞ்சது. ஸ்கேனர் சொருகினா கோடு எதுவும் இல்ல, மானிட்டர் கிட்டத்தட்ட எல்லாமே இன்கம்ப்ளீட், அழிச்சதுக்கு அப்புறம் ஓடினது 6 கிலோமீட்டர்னு காட்டுச்சு. கேட்டதுக்கு புது பேட்டரி போட்டோம்னாங்க, பேட்டரியும் நிஜமாவே புதுசுதான், அதனால அதை நான் பெருசா எடுத்துக்கல. ஆனா சீட் பெல்ட்டு லேபிள் இருக்கே. பின்னாடி மூணும் ஒரே வருஷம், வண்டியோட வருஷம். முன்னாடி ரெண்டும் மூணு வருஷம் புதுசு. அதைக் காட்டினதும் அந்தப் பையன் முகம் மாறிடுச்சு, முன்னாடி ஓனர் ஏதாவது மாத்தியிருப்பாரு சார்னு முடிச்சுட்டார். பானெட் கீல் போல்ட் ரெண்டுலயும் பெயிண்டு உரிஞ்சிருக்கு. என் மெக்கானிக் கிட்ட ஒரு தடவை தூக்கிப் பாத்துடலாம்னு கேட்டேன், வெளிய அனுப்ப மாட்டோம்னுட்டாங்க.

ரெண்டாவது வண்டி. இன்ஜின் சில்லுன்னு இருந்துச்சு, நான் வந்ததுக்கு அப்புறம்தான் சாவியே போட்டார். ஒரே செல்ஃப்ல எடுத்துடுச்சு, பின்னாடி என் பெரியவனை நிக்க வச்சு புகையைப் பாக்கச் சொன்னேன், ஒண்ணும் இல்ல. மானிட்டர் எல்லாம் கம்ப்ளீட். பள்ளத்துல இறங்குறப்ப முன் இடது பக்கம் டொக்கு டொக்குன்னு சத்தம். ஸ்டியரிங் முழுசா ஒடிச்சு வட்டம் அடிச்சப்ப சத்தம் எதுவும் இல்ல. ஹேண்ட் பிரேக் போட்டு மூணாவது கியர்ல க்ளட்ச்சை மெதுவா விட்டுப் பாத்தேன், க்ளட்ச் வழுக்காம இன்ஜின் உடனே ஆஃப் ஆயிடுச்சு, அப்ப க்ளட்ச் பரவாயில்லன்னு நினைக்கிறேன். மாமியார் முன்சீட்ல சுலபமா ஏறி இறங்கிட்டாங்க, பின்சீட்ல கஷ்டப்பட்டாங்க.

பில்லை வரிசையா அடுக்கிப் படிச்சேன், கியர்மாத்தி சொன்ன மாதிரியே டைமிங் பெல்ட்டு பில்லு இல்ல. பெல்ட்டு இன்ஜின்தான். அவர் கிட்ட கேட்டா, "சர்வீஸ்ல யாரும் சொல்லல தம்பி, நானும் கேக்கல"ன்னு நேரா சொல்லிட்டார்.

சிவப்புலைட்

முதல் வண்டியை மறந்துடுங்க. முன் சீட் பெல்ட்டு ரெண்டும் ரீகால்ல (குறை இருக்குன்னு கம்பெனியே திரும்பக் கூப்பிடுறது) மாத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனா அப்படின்னா காட்ட பேப்பர் இருக்கும். பெல்ட்டு புதுசு, பானெட் கழட்டியிருக்கு, மெக்கானிக் கிட்ட கொண்டு போகவும் விட மாட்டாங்க, மூணும் ஒண்ணா வந்தா எனக்கு அது இடி வாங்கின வண்டிதான். அதுல ஏர்பேக் திரும்பப் போட்டாங்களா, இல்ல லைட்டை மட்டும் அணைச்சு வச்சாங்களான்னு வெளிய இருந்து யாராலயும் சொல்ல முடியாது. பசங்க போற வண்டிக்கு அந்த சந்தேகத்தோட வாங்கக் கூடாது.

ரீகால்னு சொன்னதும் ஞாபகம் வருது, ரெண்டாவது வண்டியோட சேசிஸ் நம்பரை கம்பெனி சைட்ல போட்டு ரீகால் பாக்கி இருக்கான்னு பாருங்க. டகாட்டாங்கிற கம்பெனி செஞ்ச ஏர்பேக் விஷயம் இன்னும் முடிஞ்ச கதை இல்ல. உள்ள இருக்கிற அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்துலயும் ஈரத்துலயும் வருஷக்கணக்கா கிடந்து கெட்டு, வெடிக்கிறப்ப உலோகக் கூட்டையே உடைச்சு சில்லு சில்லா ஆள் மேல அடிக்குது. அதுல உயிர் போயிருக்கு, பல கம்பெனி வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டாங்க. வெப்பமான ஈரமான இடங்கள்லதான் ஆபத்து அதிகம். மாத்த வேண்டியது இருந்தா கம்பெனியே இலவசமா மாத்திக் குடுக்கும்.

சேசிஸ் நம்பர் 17 எழுத்து, அதுல ஆங்கில ஐ, ஓ, க்யூ மூணும் வரவே வராது, எண்ணோட குழம்பும்னு விட்டுட்டாங்க. வண்டில அடிச்சிருக்கிறது, ஒட்டியிருக்கிற பிளேட்டு, பேப்பர்ல இருக்கிறது மூணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். அடிச்ச இடத்துல சுத்தி தேய்ச்ச அடையாளம் இருக்கக் கூடாது.

கியர்மாத்தி

நானும் ரெண்டாவதுக்கே வர்றேன். பில்லு இருந்ததுனாலதான் எது பண்ணலைன்னு உங்களுக்குத் தெரிஞ்சது, அதுதான் அந்த ஃபைலோட மதிப்பு. முதல் வண்டில எது பண்ணாங்க எது பண்ணலன்னு எதுவுமே தெரியாது. ஒன்பது வருஷப் பெல்ட்டுன்னா இப்பவே மாத்தணும், ஓட்டிப் பாத்துட்டு மாத்திக்கலாம்னு வேணாம். டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டை இறுக்கி வழி நடத்துற உருளைங்க), வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டுலயே சுத்தினா அதையும் சேத்து மாத்திடுங்க, திரும்ப அதுக்காக எல்லாத்தையும் கழட்டுறது தண்டச் செலவு. இதுக்கும் அந்த டொக்கு சத்தத்துக்கும் மெக்கானிக் கிட்ட எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில கழிக்கச் சொல்லுங்க. சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்தான் (சஸ்பென்ஷன்ல இருக்கிற சின்ன இணைப்புக் கம்பி), சின்ன வேலை, ஆனா தூக்கிப் பாக்காம சொல்லக் கூடாது.

மூணுபேர்பின்சீட்

மாமியார் முன்னாடி உக்காந்தா நீங்களும் உங்க வீட்டுக்காரங்களும் யாரு எங்கன்னு இப்பவே யோசிச்சுக்கோங்க, சைல்டு சீட்டோட பின்னாடி மூணு பேர் உக்காந்து பாத்தீங்களா?

தூரப்பயணி

பாத்தோம்கா, சைல்டு சீட்டை ஓரத்துல மாட்டிட்டு பெரியவன் நடுவுல, என் மனைவி இன்னொரு ஓரத்துல. பெரியவனுக்குக் காலுக்கு நடுவுல தரை மேடு இடிக்குது, ஆனா அவன் சின்னப் பையன், இன்னும் சில வருஷம் தாங்கும். நடு சீட்டுக்கும் மூணு புள்ளி பெல்ட்டு இருக்கு. ரீகால் எதுவும் பாக்கி இல்ல, சேசிஸ் நம்பர் மூணு இடத்துலயும் ஒத்துப் போகுது.

மெக்கானிக் தூக்கிப் பாத்துட்டார், சத்தம் லிங்க்தான், பின் பிரேக் பேடும் பாதிக்கு மேல போயிடுச்சுன்னார். ஓனர் பெல்ட்டு செலவு முழுசா கழிச்சுக்க ஒத்துக்கிட்டார், லிங்க்கும் பேடும் நம்ம செலவு. லோன் முடிஞ்ச கடிதம் அவர் கிட்ட இருக்கு, அந்த லோன் குறிப்பை வண்டிப் பதிவுல நீக்கினதுக்கு அப்புறம் மீதிப் பணம்னு பேசியிருக்கேன்.

பழையஸ்பேனர்

நல்லபடியா முடிச்சிருக்கீங்க சகோ. பெயர் மாத்துற வேலையை அவர் பாத்துப்பார்னு விடாதீங்க, கூடவே நில்லுங்க. இன்ஷூரன்ஸ் உங்க பேருக்கு வர்ற வரைக்கும் வண்டியை வெளிய எடுக்க வேணாம்.

வீட்டுக்கு வந்ததும் இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் நாலையும் ஒரே நாள்ல மாத்திடுங்க. பெல்ட்டு மாத்துறப்ப பழைய பெல்ட்டையும் டென்ஷனரையும் மெக்கானிக் கிட்ட கேட்டு வாங்கிடுங்க, பெல்ட்டை ஒடிச்சுப் பாத்தா வெடிப்பு தெரியும். புது பில்லுல கிலோமீட்டரும் தேதியும் எழுதச் சொல்லி அதே ஃபைல்ல போட்டு வைங்க.

தூரப்பயணி

சரிண்ணா, அப்படியே பண்றேன். பெல்ட்டு செட் ஒரிஜினலே போடணுமா, இல்ல வெளிக் கம்பெனி போட்டாலும் பரவாயில்லையா?

கியர்மாத்தி

வண்டிக் கம்பெனிக்கே பெல்ட்டு செஞ்சு குடுக்கிற பாகக் கம்பெனியோட பெட்டின்னா தாராளமா போடலாம், தரம் அதேதான், விலை கம்மி. பெல்ட்டு, டென்ஷனர், ஐட்லர் மூணும் ஒரே செட்டா ஒரே பெட்டில வர்றதா வாங்குங்க. பேர் தெரியாத பெல்ட்டு மட்டும் வேணாம், அந்த இடத்துல மிச்சம் பிடிக்காதீங்க.